பிந்திக் காட்டிய கண்ணாடி

என் தங்கை புஷ்பவள்ளியின் வீட்டுக் கூடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. நடப்பதை அது உடனே காட்டாது. அரிசியைக் களைந்து குக்கரில் வைத்து, வெந்து, ‘டக்’ என்று பொத்தான் மேலே வரும்வரை எடுத்துக்கொள்ளும். அதன் முன்னால் நின்று தலை வாரிவிட்டு, சோறு வெந்ததும் வந்து பார்த்தால், அப்போதுதான் நீங்கள் உள்ளே வாரிக்கொண்டிருப்பீர்கள்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. பெக்கோக் பக்கம் ஒரு துரை பங்களாவில் பல காலம் தொங்கிய கண்ணாடி அது. அங்கே யாருக்கும் அவசரம் கிடையாது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வாங்கி வந்தவள் தங்கை மகள் பிரவீனா. ஜோகூர் பாருவில் ஒரு ஃபர்னிச்சர் ஷோரூமில் வேலை. “சின்ன ஹால்ல பழைய பெரிய கண்ணாடி ஒண்ணு மாட்டுனா ஹாலு ரெண்டு மடங்கா தெரியும் மாமா” என்றாள். தேக்குச் சட்டம், அதில் திராட்சைக் கொத்து, மங்கிப்போன தங்கப் பூச்சு. முகம் தெரியவேண்டிய உயரத்தில் ரசம் கழன்று பழுப்பாகத் திட்டு விழுந்திருந்தது. நின்று பார்த்தால் கழுத்துக்குக் கீழேதான் தெரியும். ரசம் பூசிவிடலாம் என்றேன். பூசினால் பழசின் மதிப்பு போய்விடுமாம். ஆளுயரச் சட்டத்தைச் சுவரோடு சேர்த்துத் திருகிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரவீனாவைப் பெண் கேட்க லாயாங் லாயாங் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை லோகேஸ்வரன் அவளே பார்த்துப் பிடித்தவன். நல்ல பையன். சிக்கல் அவன் அம்மா யோகேஸ்வரி. சகுனம் பார்ப்பதில் சுங்கச் சாவடி மாதிரி, சும்மா விடமாட்டாள். சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது என்று ஒரு பெண்ணை வேண்டாமென்றாள். வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது என்று இன்னொருத்தியை. “இவங்களும் எதையாச்சும் சொல்லிட்டு எந்திரிச்சிட்டாங்கன்னா அவரு அம்மா பேச்ச மீறமாட்டாரு மாமா. அதோட முடிஞ்சது” என்று காலையிலிருந்து பிரவீனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. புளிச்சோற்றுக்குச் சாதம் ஆறவேண்டுமே என்று நாலு மணிக்கு முன்பே புஷ்பவள்ளி குக்கரைத் தட்டிவிட்டாள். மகளைச் சிரிக்கவைக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

யோகேஸ்வரியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கல்யாணத்துக்கும் அதே மாம்பழ நிறப் பட்டு. வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். புஷ்பவள்ளி மாம்பழ நிற ஜன்னல் திரையை உருவி இடுப்பில் சுற்றினாள். உள்ளே ஒரு தலையணையைத் திணித்தாள். கண்ணாடி முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

“என்னா வீடு இது? பல்லி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு?” என்று யோகேஸ்வரியின் குரலிலேயே கேட்டாள். பிரவீனா சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள். திரும்புகிற வேகத்தில் தலையணை நழுவித் தரையில் விழுந்தது. வயிறு மாயமாகப் போயிற்று.

அந்த நேரம் வாசலில் கார் நின்றது.

பாதையில் நெரிசலே இல்லையாம். சீக்கிரம் வந்துவிட்டார்கள். ராகு காலம் பிறப்பதற்குள் வாசல்படி தாண்டிவிட வேண்டுமென்று யோகேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

“அலமாக்! அண்ணே, கண்ணாடி!” என்றாள் புஷ்பவள்ளி, வாசல் பக்கம் ஓடி எட்டிப் பார்த்து, திரையை அவிழ்த்துக்கொண்டே.

“துணிய போட்டு மூடு.”

“சாவு வீட்டுலதான் கண்ணாடிய மூடுவாங்க! அந்தம்மா அப்படியே திரும்பிப் போயிருவாங்க லா!”

அதுவும் சரிதான். மூடினால் அபசகுனம், மூடாவிட்டால் அவமானம். நான் போய்க் கண்ணாடியில் முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். பிரவீனா தலையணையையும் திரையையும் அள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

யோகேஸ்வரி அதே மாம்பழப் பட்டில் உள்ளே வந்தாள். பின்னால் லோகேஸ்வரன். அவனுக்கும் பின்னால் அவள் கணவர் காளியப்பன், பழத்தட்டோடு.

“உக்காருங்கண்ணே” என்றாள் யோகேஸ்வரி என்னிடம்.

“இல்லம்மா, முதுகு வலி. இப்படி நின்னா சுகமா இருக்கு.”

பலகாரம் வந்தது. யோகேஸ்வரி எதையும் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஓடியது. கூரையைப் பார்த்தாள், பல்லி இல்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“ஒரு ஜன்னல்ல மட்டும் திரைய காணோம்?”

“துவைக்கப் போட்டிருக்கு” என்றாள் புஷ்பவள்ளி.

என் காது முழுவதும் சமையலறையில் இருந்தது. குக்கர் ‘டக்’ என்றால் படம் ஆரம்பம். அதற்குள் இவர்களை எப்படியாவது வெளியே கொண்டுபோய்ப் பூச்செடியைக் காட்ட வேண்டும். அப்போது புஷ்பவள்ளி எழுந்து உள்ளே போய் வந்து என் காதில் சொன்னாள்: “அண்ணே, சுவிட்ச அமத்திட்டேன்.”

குக்கரை நிறுத்தினால் கண்ணாடி நிற்குமா? என் தங்கைக்குப் பயம் வந்தால் கை முந்திக்கொள்ளும். இனி ‘டக்’ வராது. எப்போது ஆரம்பிக்கும் என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் போயிற்று. முதுகில் வியர்வை சில்லென்று ஓடியது. அது என் வியர்வையா, கண்ணாடி திறந்துகொள்கிறதா என்றே தெரியவில்லை.

“எனக்கு என்னமோ மனசுக்கு ஒப்பலங்க” என்று யோகேஸ்வரி எழுந்துவிட்டாள். “ராகு காலம் பொறக்கறதுக்குள்ள கெளம்பிருவோம். லோகேஸ், எந்திரிப்பா.” லோகேஸ்வரன் எழுந்தான். அறைக்கதவின் இடுக்கில் பிரவீனாவின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் நீர் கட்டி நின்றது.

“அண்ணே, கொஞ்சம் நகருங்க. புடவைய சரி பண்ணிக்கணும்.”

நான் நகரவில்லை. “முதுகு...” என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்து ஒரு மேசையைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டாள்.

கண்ணாடிக்குள் மாம்பழ நிறத்தில் ஒரு பெரிய வயிறு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் திட்டு. யோகேஸ்வரி முறைத்தாள். புஷ்பவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள், எலும்பு நெரிந்தது. கண்ணாடியில் சோபா இருந்தது. அதில் விழுந்து சிரிக்கிற பெண் ஒருத்தி ஓரமாகத் தெரிந்தாள். எங்களில் ஒருவரும் அதில் இல்லை.

ஆனால் கண்ணாடி முன்னால் நிற்பவர்கள் தங்களைத் தவிர வேறு யாரைத் தேடிப் பார்க்கிறார்கள்?

“இவ்வளவா பெருத்துட்டேன்?” என்று யோகேஸ்வரி மெல்லக் கேட்டாள். அதைவிட மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

உள்ளே வயிறு திரும்பியது. தலையணை விழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏங்க!” என்று அலறினாள் யோகேஸ்வரி. “இங்க வந்து பாருங்க! எளைச்சிட்டேன்!”

கண்ணைத் திறந்தேன். இடுப்பில் கைவைத்து இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஒல்லியான மாம்பழப் பட்டு வாசல் பக்கம் ஓடி மறைந்ததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. காளியப்பன் எழுந்து வந்து நிதானமாகப் பார்த்தார். கண்ணாடிக்குள் தரையில் கிடந்த தலையணையைப் பார்த்தார். அதில் தான் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததையும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், புஷ்பவள்ளியைப் பார்த்தார். பிறகு பலகாரத் தட்டிலிருந்து கறிபாப் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“ஆமா, எளைச்சிட்ட” என்றார்.

அப்புறமாக என்னிடம் தனியே சொன்னார்: “நான் தெரியலன்னு பயந்துறாதீங்க மச்சான். எங்க வீட்டுக் கண்ணாடியிலயும் அப்படித்தான்.”

யோகேஸ்வரி மறுபடி உட்கார்ந்தாள். ராகு காலம் பிறந்து, வளர்ந்து, முடிந்தது. அரைவேக்காட்டுப் புளிச்சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டாள். “மகாலச்சுமி இருக்கற வீடு இது. என் கண்ணால பாத்துட்டேன்” என்றாள். பிரவீனாவைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே பூ வைத்தாள். வைத்துவிட்டு, “சீரு செனத்தி எதுவும் வேண்டாம். அந்தக் கண்ணாடி மட்டும் பொண்ணுகூட வரணும்” என்றாள்.

சுவரைப் பெயர்த்துத்தான் கொடுத்தோம்.

கண்ணாடி இப்போது லாயாங் லாயாங்கில் இருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் பிரவீனா முதலில் அதன் முன்னால் போய் நிற்பாள், தலை வாருவதுபோல. போன வாரம் அங்கிருந்து அம்மாவுக்கு போன் செய்தாள்.

“அம்மா, கண்ணாடியில அத்த என்னைய மாதிரி நடந்து காட்டறாங்க. தோள்ல பை, காதுல போனு, தலைய இப்படி ஒரு சிலுப்பு. பக்கத்து வீட்டம்மா விழுந்து சிரிக்கறாங்க.”

“அடிப்பாவி! நீ என்னாடி செஞ்ச?”

“என்னாத்த செய்யறது? உங்கள விட நல்லா செய்யறாங்கம்மா.”