ஏழு நாள் சும்மா

சேதுபதிக்குப் பரிசு விழுந்த அன்று துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த அத்தனை பேரும் அவருக்கு ஆலோசகர்களாகிவிட்டார்கள். எல்லோர் உழைப்பையும் கூட்டிப் பத்து லட்சம் மணி நேரம் ஒரு விபத்தும் இல்லாமல் கட்டடம் எழும்பியதற்காகக் கம்பெனி குலுக்கல் நடத்தியிருந்தது. வழக்கமாக டிவி கொடுப்பார்கள், செல்போன் கொடுப்பார்கள். சைப்ரஸ்காரரான முதலாளிக்கு 2008-ஆம் வருடம் என்ன தோன்றியதோ, முதல் பரிசாகத் தன் ஊரையே கொடுத்துவிட்டார். மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் கணவன் மனைவிக்கு ஏழு நாள், போக வர டிக்கெட், கடலைப் பார்த்த ஓட்டலில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. காங்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் பிரிவில் போர்மேனான சேதுபதியின் பெயரை வாசித்தபோது அவர் பின்வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"அந்த டிக்கெட்டக் கொடுத்துட்டு ஒரு சங்கிலியா வாங்கிருப்பா" என்றது முதல் கட்டில். "சரசு மதினி கடலையே பார்க்காத ஆளா? ராமேஸ்வரம் பக்கத்துலதான இருக்கு" என்றது இரண்டாம் கட்டில். சேதுபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியதைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை. அவர் முடிவெடுத்துவிட்டார்.

சரசுவுக்கும் அவருக்கும் கல்யாணமாகிப் பதினேழு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. கேட்பவர்களுக்கு நாற்பது நாள் என்பது பெரிதாகத் தெரியும். முதல் வாரம் ரூம்காரர்கள் கொடுத்தனுப்பிய பார்சல்களை ஊர் ஊராகப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்தது துக்கம் விசாரிப்பது. அவர் இல்லாத இரண்டு வருடத்தில் யார் யார் செத்தார்களோ அத்தனை வீட்டுக்கும் போய், தரையைப் பார்த்து உட்கார்ந்து, அவர்கள் ஆறிப்போன அழுகையை மறுபடி அழுவதைக் கேட்டுவிட்டு வர வேண்டும். பிறகு தவறவிட்ட கல்யாண வீடுகள், வளைகாப்பு வீடுகள். மீதி நாளில் வீட்டுக்கு வெள்ளையடிப்பு, கடைசி வாரம் பெட்டி கட்டுவது. தம்பி குடும்பமும் அதே வீட்டில். இரவில் கூடத்தில் வரிசையாகப் பாய். மனைவியிடம் ஒரு முழுப் பேச்சு பேசி முடித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பேச்சுக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். இதை வெளியே சொன்னால் கேம்ப்பில் சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை.

தம்பி விஜயபாஸ்கர் போனில் வந்தான். "அண்ணே, பெரிய மாமா செத்து ஒன்றரை வருசமாச்சு. இன்னும் நீங்க துக்கம் கேக்கல. நீங்க பாட்டுக்கு தீவுக்குப் போறேங்குறீங்க. ஊரு என்ன பேசும்?"

"மாமா எங்கயும் போகமாட்டாருடா. நான் ஏழு நாள் கழிச்சு வர்றேன்."

"மதினி வரமாட்டேங்குது."

"போன அதுகிட்ட கொடு."

சரசு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "அங்க போயி என்னங்க செய்யுறது?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்குறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா?"

"ஆமா. பக்கத்துல எங்கயும் விடமாட்டேங்குறாய்ங்க."

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: "குளிருமா? சொட்டர் வேணுமா?" சேதுபதி போனை வைத்துவிட்டு அந்த வெயிலில் தனியாக நின்று சிரித்தார்.

மகள் தாமரை ஸ்கூல் ஹாஸ்டலில் இருந்ததால் அந்தக் கவலை இல்லை. சரசு ஒரு மாத விசாவில் துபாய் வந்து இறங்கினாள். கேம்ப்பில் பெண்கள் தங்கக்கூடாது. கேம்ப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த தொண்டிக்காரர் கலீலுர் ரஹ்மான், சத்வா பகுதியில் தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் மனைவி ருக்கையா சரசுவைத் தன் கூடப்பிறந்தவளைப் போல வைத்துக்கொண்டாள். சேதுபதி டூட்டி முடிந்து போய், எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பத்து மணிக்குள் கேம்ப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். துபாய்க்கு வந்தும் மனைவி அவருக்கு யாரோ வீட்டுப் பெண்ணாகத்தான் இருந்தாள்.

சைப்ரஸ் விசாவுக்குப் பயணத் திட்டம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். சேதுபதி ஒரு மணியையும் சும்மா விடவில்லை. கட்டம் போட்ட தாளில் காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது முதல் இரவு பத்து வரை மணிவாரியாக நிரப்பிக்கொண்டு கலீலிடம் போனார். கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம், மலை, திராட்சைத் தோட்டம்.

கலீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மாப்ள, இது லீவா, டூட்டியா? அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அந்தப் புள்ளைய மலை ஏத்துறியளே. காங்கிரீட் போடப்போறியளா அங்க?"

சேதுபதி தாளை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். அடிக்கும்போது ஒரு சுகம் இருந்தது. கடைசியில் மிஞ்சியவை மூன்று: கடலோரம் உட்காருவது, சாப்பிடுவது, பேசுவது. அதையே ஏழு நாளுக்கும் எழுதி, கலீலை விட்டு ஆங்கிலமாக்கி, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தார்.

அந்தத் திட்டமே சந்தேகத்தைக் கிளப்பியதோ என்னவோ, நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. விசா அலுவலகத்தில் அதிகாரி ஒரு நடுத்தர வயது வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க உமாராணி என்ற சென்னைப் பெண் இருந்தாள். மற்ற கம்பெனிகளில் பரிசு வாங்கியவர்கள் யார் யாரையோ மனைவி என்று கூட்டிப்போன கதை உண்டு என்பதால், கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். மொத்தம் முப்பது கேள்வி. சேதுபதி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். சொந்தப் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் என்ன பயம்?

பதினோராவது கேள்வியோடு அதிகாரி நிறுத்திவிட்டு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. உமாராணி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"உங்க கணவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? நீங்க ஒம்பது மணின்னு சொல்லியிருக்கீங்க. சார் நாலு மணின்னு சொல்லியிருக்கார்."

"ஊருக்கு வந்தா ஒம்பதுதானம்மா" என்றாள் சரசு. "பாவம்னு எழுப்பமாட்டோம்."

"அவருக்குச் சமைக்கத் தெரியுமா? சார் ஆறு பேருக்கு மீன் குழம்பு வைப்பேன்னு சொல்றார். நீங்க அவருக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாதுங்குறீங்க."

சரசு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மீன் குழம்பு வப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை என் முறை."

"மனைவிக்கு ரொம்பப் பிடிச்சது என்ன? சார் சாக்லேட், டாங் ஜூஸ் பவுடர்னு சொல்லியிருக்கார். நீங்க..." உமாராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க சுட்ட கருவாடுன்னு சொல்லியிருக்கீங்க."

பதினேழு வருடமாக அவர் பெட்டி பெட்டியாகச் சுமந்த சாக்லேட்டெல்லாம் தெருப்பிள்ளைகள் வாய்க்குள் போயிருக்கிறது. சேதுபதிக்கு அவமானமாக இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார். இனி அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஆனாலும் உமாராணி அந்தப் பதினோராவது கேள்வியையும் வாசித்தாள். அதை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் இருவரில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா? சார், தனக்கு மட்டும், இடது கால்ல, எலும்பு முறிவுன்னு சொல்லியிருக்கார். நீங்க அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு... கர்ப்பப்பை எடுத்ததுன்னு."

சேதுபதி சரசுவின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"எப்ப?"

"போன ஆடியில" என்றாள் சரசு, மேசையைப் பார்த்துக்கொண்டே. "தங்கச்சி வீட்டுல ஒரு மாசம் இருக்கேன்னு சொன்னேன்ல, அப்ப. ரத்தம் நிக்கல. எடுத்தாகணும்னுட்டாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க இங்க தனியா உக்காந்து என்னங்க செய்வீங்க? சோறு இறங்குமா உங்களுக்கு?" பிறகு அவள் நிமிர்ந்தாள். "காலு எப்ப உடைஞ்சுச்சு?"

"முந்தின சைட்டுல. ஏணி சரிஞ்சிருச்சு."

"அல் ஐன்ல வேலை, சிக்னல் கெடைக்கலன்னு ரெண்டு மாசம் பேசாம இருந்தீகளே..."

"ஆஸ்பத்திரியில இருந்தேன். அங்க கேக்குற சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சுருவன்னு பேசல."

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த இரண்டு வருடத்தில் பேசிய வெள்ளிக்கிழமையெல்லாம் போனில் இவர் நல்லாயிருக்கேன் என்பார், அவள் நல்லாயிருக்கோம் என்பாள். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லி ஒருவரை ஒருவர் காப்பாற்றியிருக்கிறார்கள். அறுத்துப் போட்ட உடம்போடு அவள் தனியாகக் கிடந்திருக்கிறாள். அவர் அதே வெள்ளிக்கிழமை அவளிடம் டாங் பவுடர் எத்தனை டப்பா வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

என்ன பேசுகிறார்கள் என்று அதிகாரி உமாராணியிடம் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லி முடிக்கும் வரை அதிகாரி இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கோப்பை மூடப் போனார்.

சேதுபதி எழுந்து அந்தக் கோப்பின் மேல் கையை வைத்தார். பதினேழு வருடத்தில் எந்த மேலதிகாரியின் மேசையிலும் அவர் கை வைத்ததில்லை.

"ஒங்க ஆபீசர்கிட்ட சொல்லும்மா. இன்னும் பத்தொம்பது கேள்வி பாக்கி இருக்கு. எல்லாத்தையும் கேக்கச் சொல்லு. ஆனா தனித்தனியா வேணாம். எங்க ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சுக் கேக்கச் சொல்லு. எனக்குத் தெரியணும்."

உமாராணி சொன்னாள். அதிகாரி அவர் கையை விலக்கச் சொல்லவில்லை. நிதானமாக ஏதோ சொல்லிவிட்டு ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்.

"அது அவர் வேலை இல்லையாம்" என்றாள் உமாராணி. "அதுக்குத்தான் உங்களுக்கு ஏழு நாள் இருக்குன்னு சொல்றார். வியாழக்கிழமை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கோங்க. விசா குத்தியிருக்கும்."

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. சேதுபதி சீட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சரசு அவரை அங்கிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"காலக் காட்டுங்க."

"இங்கயா? ரோட்டுலயா? அங்க போயி, கடலோரத்துல உக்காந்து நிதானமா..."

"அம்புட்டு நாள் என்னால இருக்க முடியாது. காட்டுங்க."

அவர் குனிந்து கால்சட்டையின் இடது பக்கத்தை முழங்கால் வரை சுருட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சரசு நடைபாதையில் மண்டியிட்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஓடிய தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வந்த பஸ்ஸை இரண்டு பேரும் போக விட்டார்கள்.