ஹிரோஷிமா காய்ச்சல்

ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. சிசுரு பிளாட்பாரத்துக்கு ஏறாமல், ஹிரோஷிமா ஸ்டேஷனின் இனிப்புக் கடை முன்னால் தவித்துக்கொண்டு நின்றாள். நாகோயா ஆபீஸில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, வேறொரு கம்பெனியில் நேர்காணலுக்கு வந்தவள் அவள். விஷயம் தெரிந்தால், கிடைக்குமா என்று தெரியாத வேலைக்காக இருக்கிற வேலையிலும் முகத்தைக் காட்ட முடியாது.

ஆனால் வெளியூர் போனால் ஆபீஸில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிவருவது அந்த ஊரில் எழுதாத சட்டம். வெறுங்கையோடு உள்ளே நுழைவதா? நினைக்கவே கூசியது. தங்க நிறப் பெட்டியைத் தொட்டாள், விலை சுட்டது. பிஸ்கட் மலிவுதான், ஆனால் மொத்தமும் ஒரே கவரில் கிடந்தது. தனித்தனியாகச் சுற்றாததை ஆபீஸில் எவர் தொடுவார்?

"ஆபீஸுக்குங்களா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"ஆமாங்க, பன்னெண்டு பேரு." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப இந்தச் சாதாரணப் பெட்டியே போதுங்க. உள்ள அதே மேப்பிள் இலை வடிவக் கேக்குதான், அதே பயறுப் பூரணந்தான், தனித்தனியாச் சுத்தினது. பெட்டிய யாரு திங்கப்போறா?"

வாங்கிக்கொண்டு ஓடினாள். வீட்டிலேயே வைத்துத் தின்றுவிடலாம் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? மறுநாள் காலை, ஆபீஸ் பொது மேஜைமேல் பெட்டியைத் திறந்து, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டும் ஒட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு கேக்கையும் சுற்றிய காகிதத்தில் ஹிரோஷிமா என்று கொட்டை எழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. மறைத்ததைத் தானே தோண்டியெடுத்துப் பந்தியில் வைத்தவள் இவள்தான்.

மூடுவதற்குள் பக்கத்து இருக்கை குனிகோ வந்துவிட்டாள். கேக்கைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடேயப்பா, ரயிலேறிப் போய்ப் பிடிச்ச காய்ச்சலா, சிசுரு?"

"ஐயோ, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"நான் வேற சொல்லணுமாக்கும்? நீதான் சீட்டே ஒட்டி வச்சிருக்கியே!"

மேனேஜர் மொரிவாகி வந்தார். பெட்டியைப் பார்த்தார், தொடாமல் போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். அவருடையது மட்டும் கிடந்தது. சக ஊழியர் வாங்கிவந்ததைத் தொடாமல் விடுவது அங்கே கன்னத்தில் அறைவதற்குச் சமம். சிசுருவுக்கு வேலை ஓடவில்லை. தேநீர் எடுக்கப் போவதுபோல் போய்ப் போய்ப் பார்த்தாள். கேக் அசையவில்லை. இன்றோடு எல்லாம் முடிந்தது என்று பயந்து செத்தாள்.

சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, கோட்டை மாட்டிக்கொண்டு மொரிவாகி மேஜையருகே வந்தார். கேக்கைப் பிரித்து நின்றபடியே தின்றார்.

"காய்ச்சல் எறங்கிடுச்சா?"

"வேலை இன்னும் கெடைக்கல, சார்," என்றாள் சிசுரு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மொரிவாகி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"போன வருஷம் நானும் இப்படித்தான் ஒரு பெட்டி வாங்கினேன். இங்க கொண்டுவரப் பயந்துகிட்டு ரயில்லயே பூராத்தையும் தின்னு தீர்த்தேன்."

"வேலை... கெடைச்சுதா, சார்?"

"வயித்துவலி கெடைச்சுது," என்றார். "நாளைக்கு லேட்டா வராத."