சமையல் வீட்டுக்கும் படுக்கை வீட்டுக்கும் நடுவே

ஆனைமலைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஆதிரை கட்டிக்கொடுத்த வீடு, குடிபுகுந்த மறுநாளே விலக ஆரம்பித்தது. சமைக்க ஒன்று, படுக்க ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, கோபித்துக்கொண்டு உட்கார ஒன்று என்று நான்கு தனித்தனிக் கட்டடங்கள். நாச்சிமுத்துவும் மனைவி சரசாத்தாளும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். முப்பது வருஷம் ஒரே கூரைக்குள் இடித்துக்கொண்டு வாழ்ந்தது போதும் என்றார்கள்.

வரைபடத்தில் சமையல் வீட்டுக்கும் படுக்கை வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. ஆதிரை டேப் வைத்து அளந்தாள். பன்னிரண்டு அடிதான். நடந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"படுக்கை வீடு வேற பஞ்சாயத்துல வருதுங்க," என்றார் பார்க்க வந்த அதிகாரி.

"எப்ப இருந்துங்க?"

"நேத்து மத்தியானத்துல இருந்து."

அடுத்த வாரத்துக்குள் தூரம் இன்னும் கூடிப்போக, இரண்டு பக்கமிருந்தும் பஸ் விட்டார்கள். கண்டக்டர் குழம்புச் சட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சமையல் வீட்டிலிருந்து சரசாத்தாள் கொடுத்துவிட்ட சோறு, படுக்கை வீட்டிலிருந்த நாச்சிமுத்துவிடம் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போயிற்று.

"அவரு மெலிஞ்சிருப்பாருங்க," என்றாள் சரசாத்தாள்.

"நீங்களே போய்ப் பாக்கலாமேங்க?"

"கூப்புட்டா போவனுங்க."

ஆதிரை பஸ் ஏறிப் போனாள். நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துதான் இருந்தார்.

"கூப்பிட்டா வருவாங்களாம்," என்றாள்.

"தெனமும் கூப்புடறனுங்க. இத்தன தூரத்துக்குக் கேக்க மாட்டேங்குது."

தான் போட்ட கோடு இப்படிச் செய்துவிட்டதே என்று ஆதிரைக்கு மனசு கேட்கவில்லை. திரும்பும்போது பாதி வழியில் இறங்கினாள். சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டாள். ஆள் வைத்து நான்கு தூண் நிறுத்தி ஓடு வேய்ந்தாள். சுவர் வைக்கவில்லை.

"இது என்னத்துக்குங்க?" என்றார் அதிகாரி.

"வந்து சேர்றதுக்கு."

"அதுக்குப் படிவம் இல்லீங்களே."

"இல்லைன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். முத்திரையும் குத்தினார்.

திங்கட்கிழமை இரண்டு பஸ்ஸும் அங்கே எதிரெதிராக வந்து நின்றன. ஒன்றிலிருந்து நாச்சிமுத்து இறங்கினார். மற்றதிலிருந்து சட்டியோடு சரசாத்தாள் இறங்கினாள். ஆதிரை தூணோரமாக ஒதுங்கி நின்றாள்.

சரசாத்தாள் இலை போட்டாள். சோற்றில் ஆவி பறந்தது. நாச்சிமுத்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து சரசாத்தாளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"பக்கத்து ஊருதானுங்க."

"கொள்ளு ரசம் ரொம்ப நல்லா இருக்குதுங்க."

முப்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சரசாத்தாள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"நீங்களும் உக்காந்து சாப்புடுங்க," என்றார் அவர்.

அவள் உட்கார்ந்தாள். கண்டக்டர்கள் விசில் அடித்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பஸ்ஸும் காலியாகக் கிளம்பிப் போயின.