ஒலிபெருக்கியின் ஜோடி

"உயர வரிசையில நில்லுங்க! எதிர்ல நிக்கிறவங்கதான் உங்க ஜோடி. மாத்திக் குடுங்கன்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது!" என்று பி.டி. டீச்சர் பள்ளிக்கூட ஹாலில் விசில் ஊதியபோதே என் உள்ளங்கை நனையத் தொடங்கிவிட்டது.

எனக்குக் கை வியர்க்கும். பயந்தால் வியர்க்கும், பயப்படாவிட்டாலும் வியர்க்கும், வியர்த்துவிடுமோ என்று நினைத்தால் கேட்கவே வேண்டாம். பரீட்சைத் தாளின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன். வீட்டில் இதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. சாலையைக் கடக்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழாய மூடும்மா" என்பார். அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிடுவாள். வெளியில் அப்படியா? சின்ன வகுப்பில் ஒருத்தி விளையாட்டில் என் கையைப் பிடித்துவிட்டு, "ச்சீ" என்று தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு ஜீவனும் என் கையைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு வரை வண்டி ஓடிவிட்டது.

இப்போது ஆண்டு விழாவுக்கு ஜோடி நடனம். தலைமையாசிரியை எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு, பொறுப்பை பி.டி. டீச்சர் தலையில் கட்டிவிட்டார். வாலிபால் தவிர வேறொன்றும் அறியாத மனுஷி பாவம், வீட்டில் செல்போனைப் பார்த்து ராப்பகலாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு எதிரே ஒலிபெருக்கி நின்றுகொண்டிருந்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. வகுப்பு வைத்தது இது. முதல் பீரியடில் அவன் காதில் ஒரு சங்கதி விழுந்தால், மதிய இடைவேளைக்குள் வாட்ச்மேன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ரகசியம் பேசினாலும் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். போச்சு, என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"கையப் பிடிங்க! கரண்ட் கம்பியா அது?"

பாவாடையில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுக் கையைக் கொடுத்தேன். அவன் பிடித்தான். என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான். எனக்கு உயிரே இல்லை.

"நீ எந்தக் கால மொதல்ல வைக்கணும்?" என்றான்.

முன்னால் போவதும் பின்னால் வருவதும் எப்படியோ ஓடியது. சிக்கலே சுற்றுவதில்தான். பையன் கையைத் தூக்க வேண்டும், பெண் அதன் கீழே பிடியை விடாமல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூச்சப்பட்டு விரல் நுனியால் தொட்டவர்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள். வீம்புக்கு இறுக்கிப் பிடித்தவர்கள், "ஐயோ, என் கை!" என்று அலறினார்கள். நாங்கள் மட்டும் சுற்றினோம். அவன் விரல்களுக்குள் என் விரல்கள் தாமாக வழுக்கித் திரும்பின. இன்னொரு தரம் சுற்றினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நிறுத்துங்க! நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வாங்க." டீச்சர் ஒலிபெருக்கியின் தோளைத் தட்டினார். "நல்லா சுத்துறீங்களே! கைய எப்படிப் பிடிச்சிருக்கீங்கன்னு எல்லாருக்கும் சொல்லு."

வகுப்பு மொத்தமும் எங்கள் கைகளையே பார்த்தது. வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தேன். அவன் தொண்டையைக் கனைத்தான். கூட்டத்தைக் கண்டால் விடமாட்டான், பாவி.

"பல்பு மாட்டுற மாதிரி டீச்சர். இறுக்கிப் பிடிச்சா ஒடஞ்சிடும், விட்டா விழுந்துடும். கைக்குள்ள அது திரும்ப எடம் விடணும்."

"இதெல்லாம் யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எல்லாம் பொறவியிலேயே வந்தது டீச்சர்."

அறையே சிரித்தது. சிரிப்பு முழுக்க அவன் பக்கம் போயிற்று. என் கையை யாரும் நினைக்கவில்லை. வரிசைக்குத் திரும்பும்போது, "தேங்க்ஸ்" என்றேன்.

"எதுக்கு?" என்றான் ஊருக்கே கேட்கும்படி. பிறகு குனிந்து, "வழுக்குனதும் நல்லதுக்குத்தான். இல்லன்னா என் மணிக்கட்டு காலி" என்றான். எனக்கு மட்டும்தான் கேட்டது. அவனுக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அழுகை வருகிற மாதிரி இருந்தது. எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கும் நன்றி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குரல்தான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

"ஜோடி மாத்தணும்! பொண்ணுங்க எல்லாம் ஒரு ஆள் தள்ளி நில்லுங்க!"

தள்ளி நின்றேன். இப்போது எதிரே வகுப்புத் தலைவன். மடிப்புக் கலையாத சட்டை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். பெஞ்சில் மை சொட்டு இருந்தால்கூட எழுந்து வேறு இடத்துக்குப் போகிறவன். என் உள்ளங்கையில் ஈரம் ஊறுவது தெரிந்தது. துடைக்கலாமா என்று யோசித்தேன். துடைக்கவில்லை.

"என் கை கொஞ்சம் ஈரமா இருக்கும்" என்றேன்.

டீச்சர் விசிலை வாயில் வைத்தார். அவன் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக மினுங்கியபடி, என் கை எங்கள் இருவருக்கும் நடுவில் நீண்டிருந்தது.