பாலத்துக்கு ஒரு வாரம் லீவு

இரும்பு கொட்டாவி விடுவது பேராசிரியையின் காதில் மட்டும் விழுந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது சமையலறைக் கதவின் கீல்தான் முதலில் கொட்டாவி விட்டது. அம்மா பதறிப்போய்க் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குறையொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள், உங்கள் கத்தரிக்கோலுக்குத் தூக்கம் வருகிறது என்றாள் மகள். மறுநாள் அது அவர் கையிலேயே முறிந்தது. "மருந்தெல்லாம் வேண்டாம்மா, பிள்ளைய நல்லா படிக்க வைங்க" என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

இயற்பியல் படித்தாள், அதற்கு மேல் உலோகவியல். உலோகமும் களைத்துப்போய் முறியும் என்று பாடப்புத்தகமே சொன்னதால் அந்தத் துறை அவளுக்குப் பிறந்த வீடாகிவிட்டது. உருக்குத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைக்குமுன் காதில் வைத்துக் கேட்பாள். கட்டுரையில் எண்களை மட்டும் எழுதுவாள். பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் அவள் இரும்பை ஏந்துவதைப் பார்த்து மாணவர்கள் 'தாலாட்டு' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். ஆற்றுப் பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளரை மணந்தாள், துறைத்தலைவியானாள், தலை நரைத்தது. கொட்டாவி விஷயத்தைக் கணவரிடம்கூட மூச்சுவிடவில்லை, பாலமே கொட்டாவி விட ஆரம்பிக்கும்வரை.

"போன மாசம்தான் முழுசா பார்த்தோம். விரிசலே இல்லையே" என்றார் அவர்.

"விரிசல்னு யார் சொன்னா? அசதின்னு சொல்றேன். ஒரு வாரம் லீவு குடுங்க."

"பாலத்துக்கா? எனக்கு நிரந்தரமா லீவு குடுத்துடுவாங்க."

அவள் வாதாடவில்லை. மறுநாள் பாலத்துக்கு முன்பே பேருந்திலிருந்து இறங்கிப் படகில் ஏறினாள். நீச்சல் தெரியாதவள், குளியல் தொட்டிக்கே பயப்படுகிறவள், விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பதைக் கணவர் மேலிருந்து பார்த்தார். அன்றே பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொல்லிப் பாலத்தை மூடினார். ஊர் அவரை வறுத்தெடுத்தது. வேலையைப் பறிக்க மேலதிகாரியே நேரில் வந்து பாலத்தருகில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, பாலம் குறட்டை விட்டது. கரையோர டீக்கடைகளில் கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன. எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி பாதிப் பேச்சில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இதைத் தனியாவா கேட்டுட்டு இருந்தே?" என்று கணவர், பக்கத்தில் வந்து நின்ற அவள் கையைப் பிடித்தார்.

"குறட்டைய நானும் இப்பத்தான் கேக்கிறேன்" என்றாள் அவள். "இதுவரைக்கும் எதையும் யாரும் தூங்க விட்டதே இல்லையே."

வார முடிவில் பாலம் விழித்தபோது, நடுவில் தொய்ந்திருந்த இடம் நிமிர்ந்திருந்தது. இப்போது ஆண்டுதோறும் அந்த வாரம் மூடிவிடுகிறார்கள். பேருந்து அட்டவணையில் 'பாலம் உறங்குகிறது' என்றே அச்சிடுகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது காரணம் கேட்டால், கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்கிறார் படகோட்டி.