வியாழக்கிழமை டீ

சாப்பிட்ட கை காய்வதற்குள் அன்றைய செலவைச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் அவள், எழுதுவது மகள். சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு பெரிய காகிதம் ஒட்டியிருந்தது. கணவன் வேலை செய்யும் அச்சகத்தில் ஓரம் வெட்டிக் கழித்த தடித்த காகிதம், அதற்குச் செலவில்லை. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் அவசியம், அந்தப் பக்கம் அநாவசியம். எது எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். மகள் வாங்கிய தலைக் கிளிப் அவசியம், அதன்மேல் உட்கார்ந்திருந்த பட்டாம்பூச்சிக்காகக் கூடக் கொடுத்த காசு அநாவசியம் என்று ஒரே சாமானை இரண்டாகப் பிளந்து எழுத வைத்த நீதிபதி அவள். மகள் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் எழுதினாள்.

"அப்பா, உங்களுது?"

"பஸ்ஸு. போக வர."

"டீ?"

"இல்ல."

"இன்னைக்கும் இல்லையா?"

"இல்லன்னா இல்ல."

அந்த 'இல்ல'வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு குளிர்ந்தது. போகும்போதும் வரும்போதும் தன் காசில் டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷன், வாரத்தில் ஒரு நாள் பட்டறையில் உள்ள எல்லாருக்கும் வேறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், ஒரே நாளில் விட்டுவிட்டான். அச்சகத்தில் ஆறு பேர், வாரத்தில் ஆறு வேலை நாள். ஆளுக்கொரு நாள் டீக் காசு கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத முறை. வியாழக்கிழமை இவன் முறை. முன்பெல்லாம் வியாழக்கிழமை எழுதுகிற எழுத்தில் அநாவசியப் பக்கம் கனத்துவிடும். 'இதுக்குப் பேர் டீயா, இல்ல கல்யாணப் பந்தியா?' என்று ஒருநாள் கேட்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்த வரியே இல்லை. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இவ்வளவும் செய்தது மாமனாருக்காக. அவர் ஒரு காலத்தில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான் என்பார். இப்போது முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டதால் மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கி வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. நாள் முழுக்க ஜன்னலோரம் நாற்காலி. "இந்தத் தெருவுல யாருக்கு எங்க வழுக்கைன்னு கேளு, சொல்றேன். மூஞ்சிதான் ஒருத்தனுதும் மறந்து போச்சு" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கட்டடத்தில் கீழ் வீடு காலியாகப்போகிறது என்று தெரிந்ததும் அவளே போய் வீட்டுக்காரம்மாவிடம் பேசினாள். வாடகை கொஞ்சம்தான் கூட. ஆனால் அட்வான்ஸ் இந்த வீட்டுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. இந்தச் சனிக்கிழமைக்குள் முழுசாக வந்தால் வீடு அவர்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். சேர்த்தது முக்கால்வாசி தேறியிருந்தது. மீதிக்கு யாரைக் கேட்பது என்று அவள் மனசுக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஜன்னலில் நின்று அவள் வெளுத்து வந்த விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு தலையணை உறை குறைந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்போது பக்கத்து ஸ்டோரில் நோயாளிச் சீட்டுக் கட்டுகளை இறக்கிவிட்டு அச்சக மேஸ்திரி வந்து நின்றார். அவரை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறாள்.

"நல்லா இருக்கியாம்மா? அவனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"யாருக்கா? உன் வீட்டுக்காரனுக்குத்தான். வயித்துப்புண்ணு கொறைஞ்சிருக்கா?"

அவள் கையிலிருந்த விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றாள். மேஸ்திரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். டீயே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, வெறும் வயிற்றோடு கிடக்கிறானே என்று இவர்கள்தான் தினமும் அவனுக்கு மட்டும் தனியாகப் பால் வரவழைக்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்பானாம், வற்புறுத்திக் குடிக்க வைக்க வேண்டியிருக்கிறதாம். கனமான காகிதக் கட்டுகளை அவனைத் தூக்க விடுவதில்லையாம். வியாழக்கிழமை முறையை ஆளுக்கொரு வாரம் மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்களாம், அதைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டாமாம். சொல்லிவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"பசங்க எல்லாரும் சேர்ந்து போட்டது. அவன்கிட்ட குடுத்தா வாங்க மாட்டான், ரோஷக்காரன். நீ இங்கயே வேலை பாக்கறே, நல்ல டாக்டரா பாத்துக் காட்டும்மா. வயித்து விஷயம், அலட்சியமா விடக் கூடாது."

அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் புருஷன் மானம் போகும். மேஸ்திரி போன பிறகு விரிப்புகளை முதலிலிருந்து எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் தப்பியது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. டீயை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊரார் காசில் பால் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அது இதுதான். கோபம் இரண்டு நிறுத்தம் வரைக்கும் தாங்கியது. பிறகு கவருக்குள் எட்டிப் பார்த்தாள். அழுக்கு நோட்டும் புது நோட்டும் கலந்து கிடந்தன. அவளுக்குக் கணக்குப் போடக் காகிதம் தேவையில்லை. இதையும் சேர்த்தால் அட்வான்ஸ் முழுசாகிவிடும், சாமான் இறக்குகிற கூலிக்கும் மிஞ்சும். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணுக்குள் வந்தது. ஒரு நிமிஷம் அவள் அந்த வீட்டில் குடியே போய்விட்டாள்.

அன்று சாப்பாடு முடிந்து, எழுத்தும் முடிந்து, மகள் பாடப் புத்தகத்தோடு தாத்தா பக்கம் போன பிறகு, கவரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உங்க வயித்துப்புண்ணுக்கு."

அவன் கவரைத் தொடவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது போலிருந்தது. விரல்களில் ஒட்டிக் காய்ந்த பசையை ஒவ்வொரு விரலாக உரித்துக்கொண்டிருந்தான்.

"டீ வேணாம்னு மட்டும்தான் சொன்னேன். ஏன் ஏன்னு தொளைச்சு எடுத்தாங்க. வீட்டுல கணக்கு எழுதறாங்கன்னா சொல்ல முடியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பால் வாங்கித் தருவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"குடிக்காம இருந்திருக்கலாமில்ல?"

"டம்ளரைக் கையில குடுத்துட்டு எதிர்லயே நிக்கறாங்க. எனக்குப் பாலே புடிக்காது, உனக்கே தெரியும்."

அது உண்மைதான். சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றது?"

"திருப்பிக் குடுத்தா பொய்யன். வச்சுக்கிட்டா திருடன். நீயே சொல்லு, எந்தப் பக்கம் எழுதலாம்?"

அவன் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே மாமனார் பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"வாயாடி இருக்கானே, கட்டிங் மெஷின்ல, அவன் போன வாரம் மகனுக்கு ஷூ வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தான். இன்னும் வாங்கல. அந்தக் காசும் இதுலதான் இருக்கும்."

 அவள் கவரை எடுத்து அவனுடைய சாப்பாட்டுப் பையில் அடியில் வைத்தாள், மேலே டிபன் பாக்ஸ் வைக்க இடம் விட்டு.

காலையில் அவன் கிளம்புவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தான். செருப்பைப் போட்டான், கழற்றினான், தண்ணீர் குடித்தான், மறுபடி போட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அவள் டப்பாவைத் திறந்து, சேர்த்த காசிலிருந்து எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"எதுக்கு?"

"இன்னைக்கு வியாழக்கிழமை."

சாயங்காலம் அவன் படியேறி வரும் சத்தத்தை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. கை கால் கழுவினான், சாப்பிட்டான். அவளும் கேட்கவில்லை. மகள்தான் சட்டப்படி பேனாவோடு கதவருகே போய் நின்றாள்.

"பஸ்ஸு, போக வர" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "டீ. எல்லாருக்கும்" என்றான்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அவனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். மேஸ்திரிகிட்டதான் குடுத்தேன். கவரை வாங்கி, அவனவன் போட்டதை அவனவன் கையில திருப்பிக் குடுத்தாரு. எல்லாரும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. பரவாயில்ல வச்சுக்கோன்னு ஒருத்தன்கூடச் சொல்லல."

"சொல்லுவாங்கன்னு நெனச்சீங்களா?"

"கொஞ்சம்" என்று ஒப்புக்கொண்டான். "அப்புறம் டீ வந்தது. யாருமே டம்ளரை எடுக்கல. எனக்குச் செத்துப் போயிடலாம்னு இருந்தது. அப்ப இந்த வாயாடிதான், டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு, 'ஏம்ப்பா, இவருக்குப் பால் எங்க?'ன்னு கேட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மேஸ்திரிக்கே பொரை ஏறிடுச்சு சிரிச்சு. இனிமே சாகற வரைக்கும் என் பேரு பால்தான்."

அவன் சொல்லிக்கொண்டே சிரித்தான். இந்த மனுஷன் அச்சகத்தில் நடந்த ஒன்றை வீட்டில் உட்கார்ந்து சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'இல்ல' 'இல்ல' என்று அவன் சொல்லிவந்தது டீக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. அதைக் கேட்டு மனசு குளிர்ந்து கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"அம்மா, டீயை எந்தப் பக்கம் எழுத?"

"இடம் விட்டுட்டு அடுத்ததை எழுது. அப்புறம் சொல்றேன்."

சனிக்கிழமை இருட்டும்வரை வேறு வழி ஏதாவது திறக்கும் என்று பார்த்தாள். திறக்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அவளே இறங்கிப் போய்ச் சொன்னாள், மாமனாரிடமும் அவளே சொன்னாள். "அதனால என்ன, எனக்கு இங்க காத்து நல்லா வருது" என்றார் அவர். ஜன்னல் கதவு அன்றைக்குச் சாத்தியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டட வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டு அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். கீழ் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் சின்னக் குடும்பம். லாரிக்காரர்களும் விவரம் போதாத ஆட்கள் போல, ஒரு பெரிய பீரோவை வாசலில் நேராகச் செருகப் பார்த்து மாட்டிக்கொண்டு முழித்தார்கள். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் தானாக எழுந்து நின்று அவள் பார்த்து எத்தனையோ நாளாகிறது. விழுந்துவிடப் போகிறார் என்று ஓடிப்போய் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

"அப்படி இல்லப்பா! சாய்ங்க, சாய்ங்க! காலை முதல்ல உள்ள விடுங்க!" என்று அவர் தெருவே கேட்கும்படி கத்தினார்.

கீழே இருந்தவர்கள் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். வியர்வையும் தூசியுமாக நாலைந்து முகங்கள்.

"பெரியவரே, தெரிஞ்ச ஆளாட்டம் இருக்கு. கீழ வந்து கொஞ்சம் சொல்லுங்களேன்!"

"வர்றேன், வர்றேன்" என்றார் மாமனார், கம்பியை விடாமல். "மொதல்ல அந்தப் பீரோவைத் திருப்புங்க."