ஈசானி மூலையில் எறும்பு

தளம் போட்ட மூன்றாம் நாள் காலையில்தான் மைதிலி அந்த எறும்புகளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு முன்புறம் புதிதாகக் கட்டிய தையல் கூடம் அது. கூரையைத் தாங்கச் சவுக்குக் கம்புகள் நெருக்கமாக முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. ஈசானி மூலையில் நின்ற முட்டில் எறும்புகள் தரையிலிருந்து ஒரே வரிசையாக ஏறி, மேலே பீமுக்கு அடித்திருந்த பலகையின் இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த இடுக்கிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து கம்பில் வழிந்திருந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய் வாசனை. நிஜமாகவே அடிக்கிறதா, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

அவள் கணவன் தீனதயாளன் பின்னால் வந்து நின்று மேலே பார்த்தான்.

"எறும்புக்கும் நம்ம கம்பெனில வேல வேணுமாட்டிருக்குது. டைலர் கெடைக்காத ஊர்ல இதாச்சும் வருதே."

அவள் சிரிக்க முயன்றாள்.

தளம் போட்ட வியாழக்கிழமை நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்று காலை கலவை மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மேஸ்திரி காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கலவையில் அவர் சுத்தக்காரர். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரை பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு முக்கால் இஞ்சி ஜல்லி என்று பெட்டி வைத்து அளந்து போடச் சொன்னார். லாரித் தண்ணீர் வந்ததும் உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்தார்.

"இந்த ஊரு போர் தண்ணியில உப்பு, தங்கச்சி. உள்ள இருக்க கம்பியத் தின்னுரும். இது நல்ல தண்ணி" என்றார். ஆட்களைச் சத்தம் போட்டுவிட்டு மேலே ஏறிப் போனார்.

அப்போதுதான் மாமியார் ஜானகியம்மாள் அந்த டப்பாவைக் கொண்டுவந்தார். தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போய் வாங்கி வந்த பஞ்சாமிர்தம், அரைக்கிலோ. தலைமுறையாக நெசவு செய்த குடும்பம். எந்த நல்ல காரியமும் முருகன் பிரசாதம் இல்லாமல் தொடங்காது.

"மொதக் கலவையில ஒரு கரண்டி உட்டுரு கண்ணு. மிச்சத்த எல்லாருத்துக்கும் குடு."

மைதிலி விருதுநகர்க்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்த இடத்தில் தீனாவைக் கண்டு, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். இந்த இரண்டு வருடத்தில் மாமியார் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் உறவுக்காரர்களிடம் அவளை 'தீனா கட்டீட்டு வந்த புள்ள' என்றுதான் சொல்வார். மருமகள் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் சாமி காரியத்தை நம்பிக் கையில் கொடுத்திருக்கிறார். கடவுளுக்கு ஒரு கரண்டி என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. மைதிலி டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டாள். மிஷினை ஓட்டிய பீகார்க்காரர் அதுவும் பூஜைதான் என்று கும்பிட்டார். அந்தக் கலவை நேராக மேலே போய் ஈசானி மூலைப் பீமுக்குள் முதலில் விழுந்தது. அதன் மேல் அறுபது கலவை கொட்டினார்கள்.

மாலையில் மாமியார் கேட்டார், "பஞ்சாமிர்தம் எல்லாருத்துக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை" என்றாள் மைதிலி. அது ஒரு சின்னப் பொய் என்றுதான் அப்போது நினைத்தாள்.

எறும்பைப் பார்த்த அன்றே, தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரைப் பார்க்கக் காசிமாயன் வந்தார். டீ கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, கலவையில இனிப்பு எதுவும் விழுந்துட்டா என்னாகும்?"

"சீனியா? சிமெண்டுக்கு எமன் தாயி அது. இறுகவே விடாது. மூலனூர்ப் பக்கம் ஒரு கட்டடத்துல, கூலிச் சண்டையில எவனோ ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டான். மேல பாத்தா பாறை. உள்ள களி. முட்டைப் பிரிச்சதும் பொத்துனு உக்காந்துருச்சு."

"ஆளு யாரும்..."

"அடியில ஒருத்தன் நின்னான்." டீயை ஆற்றிக் குடித்தார். "ஏன் கேக்குற?"

"சும்மாதான் அண்ணே."

"நம்ம கலவையப் பத்தி நீ பயப்படாத. தண்ணியவே நக்கிப் பாத்தவன் நானு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டு பதினாலு நாள் நிற்கும், அதற்குள் சொல்லிவிடலாம் என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமியார் தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் முருகன் படம் கண்ணில் படும். எங்கிருந்தோ வந்தவள் கூரையில் கைவைத்தாள் என்று ஊர் பேசுவது காதில் கேட்கும். பேச்சை மாற்றிவிடுவாள்.

தீனாவுக்கு அந்தப் பீமின் அடிதான் பிடித்திருந்தது. மேலே நிற்கும் தண்ணீரால் அங்கே குளுகுளுவென்று இருக்கும். சாயங்காலம் டீ டம்ளரோடு முட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வான். அவளும் ஏதாவது சாக்குச் சொல்லி அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். கேஸ் அடுப்பு எரியவில்லை என்பாள். யாரோ கூப்பிட்டது போல இருந்தது என்பாள்.

"ரெண்டு வருசங் கழிச்சு இப்பத்தான் என்னைய உட்டுட்டு இருக்க முடியலையாக்கும்" என்று அவன் கண்சிமிட்டினான். அவளுக்கு அழுகை வந்தது. அதையும் அவன் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டான்.

தளம் போட்ட எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, அவள் பனியன் கம்பெனியில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது தீனாவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் சுத்தியல் சத்தம்.

"மைதிலி, முட்டு இன்னிக்கே பிரிக்கறோம். அவிநாசிபாளையத்துல இன்னொரு தளமாம், ஷீட்டெல்லாம் அங்க வேணுமாம். நமக்கும் நல்லதுதான், நாளைக்கே மிஷின் எறக்கீரலாம்."

"வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்க. நான் சொல்றதக் கேளுங்க..."

"என்ன? ஒண்ணுங் கேக்கல. ஒரே சத்தமா இருக்குது. போன வெய்யி, நானும் ஒரு கை புடிக்கறேன்."

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் சித்ரகலா "ஷிப்மென்ட் இருக்குது, எங்க போற?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நிற்கவில்லை. ஆட்டோவில் வந்த அந்த இரண்டு கிலோமீட்டரும் அவள் 'ஒருத்தன் நின்னான், ஒருத்தன் நின்னான்' என்ற மேஸ்திரியின் குரலையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

கூடத்தின் நடுவில் பாதி முட்டுகள் ஏற்கெனவே விழுந்து கிடந்தன. தளத்துக்கு அடியில் பரப்பியிருந்த இரும்பு ஷீட்டுகளை வாசலில் அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். ஈசானி மூலையில் காசிமாயன் சுத்தியலை ஓங்கி நின்றார். எறும்பு ஏறிய அந்தக் கம்பைத் தீனா இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"தீனா."

மாமியார் எதிரில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"கம்ப விடாதீங்க. அசைக்காம மெதுவா விட்டுட்டு வெளிய வாங்க. அண்ணே, அடிக்காதீங்க. அந்தப் பீமுல பஞ்சாமிர்தம் இருக்கு. மொதக் கலவையில டப்பால இருந்தது மொத்தத்தையும் நான் கொட்டிட்டேன். அரைக்கிலோ."

காசிமாயன் சுத்தியலை இறக்கினார். சத்தம் வராமல் தரையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையாட்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியே நழுவினார்கள். தீனா மட்டும் கம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். விடுவதா, பிடித்திருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"விட்டுட்டு வாங்க தம்பி" என்றார் காசிமாயன், தூங்கும் குழந்தைக்கு அருகே பேசுவது போல. "கம்பு தானா நிக்கும். மேல பாக்காம வாங்க."

அவன் வாசலுக்கு வர ஏழெட்டு அடிதான். அத்தனை நேரமும் மைதிலி அவன் தலைக்கு மேலிருந்த கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசிமாயன் நீளமான கம்பி ஒன்றை எடுத்து, எட்ட நின்றபடியே பீமின் பக்கப் பலகையை நெம்பினார். ஆணி கழன்று பலகை தொங்கியது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஈரக்கட்டிகள் பொதபொதவென்று விழுந்தன, தீனா நின்ற அதே இடத்தில். எறும்புகள் சிதறி ஓடின. மேலே விரல் கனத்துக்குக் கோடு போட்டது போல இறுகிய கான்கிரீட். அதற்குக் கீழே கம்பிகள் அம்மணமாகத் தெரிந்தன.

பாத்தித் தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

ஜானகியம்மாள் மகனின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தார். அவர் மைதிலியைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை.

"ஒரு கரண்டின்னு சொன்னனே" என்றார் மெல்ல. பிறகு அவரே, "கரண்டியும் நாந்தான் சொன்னேன்" என்றார்.

"அத்தை, எல்லாருத்துக்கும் குடுத்தேன்னு சொன்னது பொய்."

"அது கெடக்குது. வேற எங்கியாச்சும் போட்டியா கண்ணு?"

இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. காலி டப்பாவில் ஒட்டியிருந்த பிரசாதம் காலில் மிதிபடக் கூடாதே என்று, கலவைக்கு வைத்திருந்த தண்ணீர் பேரலிலேயே அதை அலசி எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியப் போவதுமில்லை.

சொன்னாள்.

"எத்தனையாவது கலவைக்கு முன்னாடி?" என்றார் காசிமாயன்.

"தெரியல அண்ணே. ரெண்டோ, மூணோ."

காசிமாயன் ஆட்களைப் பார்த்து, பிரித்த முட்டுகளையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். யாரும் உள்ளே போக வேண்டாம், கம்புகளைத் திரும்ப நான்தான் நட்டு நிறுத்துவேன் என்றார். தீனா முன்னால் வந்து மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மருமக அத்தனையும் சொல்லீட்டாளுங்களே மேஸ்திரி" என்றார் ஜானகியம்மாள். "இனி நீங்க சொல்லுங்க. மிச்சக் கூரை நிக்குமா, நிக்காதா?"

காசிமாயன் ஒரு கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். வெறுமையாகிக் கிடந்த கூடத்தின் கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒருமுறை பார்த்தார். பாதத்தை மெல்ல எடுத்து உள்ளே வைத்தார்.